லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ்: கொரியப் போரில் ஓர் இந்திய ராணுவ மருத்துவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஏ.ஜி. ரங்கராஜ் என்பவர் யார்?

ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் இந்திய ராணுவத்தின் மருத்துவ அதிகாரி. பாராசூட்டில் குதித்த முதல் இந்தியப் படைவீரர்கள் இருவரில் ஒருவர். 1950-இல் கொரியாவுக்கு இந்தியா அனுப்பிய 60-வது பாராசூட் கள ஆம்புலன்ஸ் பிரிவுக்கு லெப்டினன்ட் கர்னலாகத் தலைமை ஏற்று, அங்கு ஆற்றிய பணிக்காக மகாவீர் சக்கரம் பெற்றார். ராணுவத்திலிருந்து வெளிவந்தபின் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். நம் வழக்கப்படி முதலெழுத்தாக நிற்கும் ஊர்ப்பெயர் ஆற்காடு என்பதைப் பார்த்தாலே தமிழ் வாசகருக்கு ஒரு நெருக்கம் தோன்றும். ஆனாலும் தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. இருப்பவற்றிலும் 'விமானத்திலிருந்து குதித்த டாக்டர்' என்ற ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. அது உண்மையான காட்சிதான் என்றாலும் அவருடைய பணியில் அது ஒரு பகுதி மட்டுமே.

மருத்துவர் எதற்காகப் பாராசூட்டில் குதிக்க வேண்டும்?

பாராசூட் படை, எதிரியின் பின்புறத்தில், சாலைத் தொடர்பு இல்லாத இடத்தில் இறங்கும் படை. தரைப்படை வந்து சேர்ந்துகொள்ளும் வரை, அதாவது சில மணி நேரமோ சில நாட்களோ, காயம்பட்டவர்களைப் பின்னால் கொண்டுசெல்ல வழியே இருக்காது. சாதாரணப் போர்க்களத்தில் காயம்பட்டவரை மருத்துவரிடம் தூக்கிச் செல்லலாம். இங்கே மருத்துவர் அவரோடு கூடவே வானத்திலிருந்து இறங்கினால்தான் உண்டு. குதிப்பதிலேயே கணுக்கால் முறிவு, முதுகெலும்புக் காயம் போன்றவை நேரும் என்பதால், முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்பதற்கு முன்பே நோயாளிகள் தயாராக இருப்பார்கள் என்பது இந்தத் துறையினர் அனைவரும் அறிந்த செய்தி.

1941 அக்டோபரில் 50-வது இந்தியப் பாராசூட் பிரிகேடு உருவானது. பிரிட்டிஷ் வீரர்களைக் கொண்ட 151, இந்திய வீரர்களைக் கொண்ட 152, கூர்க்கா வீரர்களைக் கொண்ட 153 என மூன்று பட்டாலியன்கள் அதில் இருந்தன. 152-வது பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்த லெப்டினன்ட் ரங்கராஜும், ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியப் படைவீரர்கள். பயிற்சிப் பள்ளி புது டெல்லி வில்லிங்டன் விமானத் தளத்தில் இயங்கியது. இன்றைய சஃப்தர்ஜங் விமான நிலையம் அதுதான். அன்றைக்குக் கையில் இருந்தவை வேலன்ஷியா என்ற பழைய இரட்டை அடுக்குச் சிறகு விமானங்கள். முதலில் குதித்தவர் காலாட்படை அதிகாரியாக இல்லாமல் மருத்துவராக இருந்ததைப் பலர் விந்தையாகப் பார்க்கிறார்கள். தானே குதிக்காத மருத்துவரின் பேச்சை பாராசூட் வீரன் கேட்க மாட்டான் என்பதை நினைத்தால் அதில் விந்தை ஒன்றும் இல்லை.

இந்தப் பிரிகேடு பின்னர் 1944 மார்ச்சில் மணிப்பூரின் சாங்ஷாக் குன்றில், இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி வந்த ஜப்பானியப் படையை சில நாட்கள் தடுத்து நிறுத்தி, மிகுந்த உயிரிழப்புடன் பின்வாங்கியது. அங்கே பிரிகேடு பாராசூட்டில் இறங்கவில்லை. சாதாரணக் காலாட்படையாகத் தரையில் நின்றே போரிட்டது.

கள ஆம்புலன்ஸ் என்பது ஒரு வண்டியா?

இல்லை. தமிழில் 'ஆம்புலன்ஸ்' என்றதும் சைரன் ஒலிக்கும் வாகனம் நினைவுக்கு வருவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி ஏற்படுகிறது. ராணுவ வழக்கில் கள ஆம்புலன்ஸ் என்பது மருத்துவர்கள், அறுவை உதவியாளர்கள், தூக்குப்படுக்கைக்காரர்கள், ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், எழுத்தர்கள் எல்லாரும் அடங்கிய முழுப் படைப்பிரிவு. கொரியாவுக்குச் சென்ற பிரிவில் ஏறத்தாழ 340 பேர் இருந்தார்கள்.

காயம்பட்டவர் கடக்கும் வழியைத் தெரிந்துகொண்டால் அதன் இடம் புரியும். ஒவ்வொரு பட்டாலியனுக்கும் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஒரே ஒரு மருத்துவரைக் கொண்ட முதலுதவி நிலையம் இருக்கும். அங்கே இரத்தப்போக்கை நிறுத்திக் கட்டுப்போடுவார்கள். அங்கிருந்து கள ஆம்புலன்ஸின் முன்னணிக் கட்டுமருந்து நிலையத்துக்கும், பிறகு அதன் முதன்மை நிலையத்துக்கும் வருவார். இங்கேதான் யாரை உடனே அறுக்க வேண்டும், யார் சில மணி நேரம் தாங்குவார், யாரைத் தேற்றித் திரும்ப அனுப்பலாம் என்ற தரம்பிரிப்பு நடக்கிறது. அதற்கும் பின்னால் நடமாடும் அறுவை மருத்துவமனை. கொரியாவில் காமன்வெல்த் வீரர்களுக்கு அதையும் தாண்டிய இறுதி இடம் கடல் கடந்து ஜப்பானில் இருந்த தள மருத்துவமனை. இந்தச் சங்கிலியில் கள ஆம்புலன்ஸ் என்ற கண்ணி அறுந்தால், முன்னே இருக்கும் மருத்துவரும் பின்னே இருக்கும் அறுவை மேசையும் ஒருவருக்கொருவர் பயன்படாமல் போய்விடுவார்கள்.

கொரியப் போருக்கு இந்தியா போர்வீரர்களை அனுப்பாமல் மருத்துவர்களை அனுப்பியது ஏன்?

1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை, இரு கொரியாக்களையும் பிரித்த 38-வது அட்சரேகையைக் கடந்தபோது, அதை ஆக்கிரமிப்பு என்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியா ஏற்றுக்கொண்டது. ஆனால் எந்த அணியிலும் சேராமல் இருக்க விரும்பிய நேரு அரசு, அமெரிக்கத் தலைமையில் போரிடும் படையில் இந்தியத் துப்பாக்கி இருப்பதை விரும்பவில்லை. மருத்துவப் பிரிவு ஒன்றை அனுப்புவது இரண்டு நிலைகளுக்கும் பொருந்தி வந்தது. ஐ.நா.வுக்கு உதவியாகவும் ஆயிற்று. யாரையும் கொல்லாமலும் ஆயிற்று.

பெக்கிங்கில் இந்தியத் தூதராக இருந்த கே.எம். பணிக்கரை 1950 அக்டோபர் தொடக்கத்தில் நள்ளிரவில் அழைத்து, அமெரிக்கப் படை 38-வது அட்சரேகையைத் தாண்டி வந்தால் சீனா தலையிடும் என்று சீனப் பிரதமர் சௌ என்லாய் எச்சரித்தார். இந்தியா அதை அப்படியே மேற்கு நாடுகளிடம் தெரிவித்தும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. அந்த அலட்சியத்தின் விளைவைப் பின்னர் களத்தில் நேரில் சந்தித்தவர்களில் ரங்கராஜின் ஆட்களும் உண்டு. அவர்கள் பூசான் துறைமுகத்தில் இறங்கியது 1950 நவம்பர் 20. சீனாவின் பெருந்தாக்குதல் தொடங்கியது நவம்பர் 25.

பியோங்யாங்கிலிருந்து ரயிலை ஓட்டிக்கொண்டு வந்தார்களாமே, அது நடந்த கதையா?

நடந்ததுதான். ரங்கராஜின் வாழ்க்கையில் முன்னிறுத்த வேண்டிய நிகழ்ச்சி எது என்று கேட்டால், பாராசூட் குதிப்பைவிட இதைத்தான் நான் சொல்வேன்.

வந்து இறங்கிய பிரிவு, அப்போது ஐ.நா. படையின் கையில் இருந்த வட கொரியத் தலைநகர் பியோங்யாங்குக்கு அனுப்பப்பட்டது. அது தன் கருவிகளையும் மருந்துகளையும் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் முன்னணி சரிந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் நகரத்தைக் காலி செய்ய உத்தரவு வந்தது. பின்வாங்கும் படைகளின் லாரிகள் சாலையை நிறைத்திருந்தன. இந்தியப் பிரிவிடம் தன் சுமை முழுவதையும் ஏற்றப் போதுமான வண்டிகள் இல்லை. ஆட்கள் வெளியேறலாம், பொருள்களைக் கைவிடுங்கள் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த யோசனை.

இங்கே ரங்கராஜ் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். அறுவைக் கருவிகளும் கிருமிநீக்கிப் பாத்திரங்களும் மயக்கமருந்தும் கூடாரங்களும் இல்லாத 340 பேர், எவ்வளவு பயிற்சி பெற்றவர்களாக இருந்தாலும், இன்னொரு படை சோறு போட வேண்டிய கூடுதல் வாய்கள் மட்டுமே. இந்தியாவிலிருந்து மாற்றுக் கருவிகள் கடல் வழியாக வந்து சேர மாதங்கள் ஆகும். அமெரிக்கர்களிடம் கேட்டால் கிடைக்கும். ஆனால் அப்போது அது இந்தியப் பிரிவாக இருக்காது, அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துணை ஆட்களாக மாறிவிடும். ஆகவே அவர் பொருள்களை விட்டுச்செல்ல மறுத்தார்.

நிலையத்தில் ஓட்டுவாரின்றி நின்ற ஒரு நீராவி எஞ்சினும் சில வேகன்களும் கண்ணில் பட்டன. பிரிவில் இருந்தவர்களுள் எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர் வேண்டும். வீரர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி நிரப்பினார்கள். நெருப்பு மூட்டி, நீராவி ஏறும்வரை காத்திருந்து, கருவிகளோடும் ஆட்களோடும் அந்த ரயில் தெற்கே புறப்பட்டது. பின்வாங்கும் படையின் பொறியாளர்கள் தகர்ப்பதற்காக வெடி வைத்துக் காத்திருந்த பாலத்தை அது கடைசி நேரத்தில் கடந்தது. சியோலுக்கு வந்து சேர்ந்தபோது, கைவிடச் சொன்ன பொருள்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன.

சிலர் இதைச் சாகசக் கதையாகச் சொல்லும்போது எஞ்சினை ஓட்டியவர்களின் துணிச்சலோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பின் மூன்றாண்டுகளில் இந்தப் பிரிவு செய்த அத்தனை அறுவைகளுக்கும் முதல் காரணம், அந்த ஓரிரு நாட்களில் ஒரு பெட்டியையும் தொலைக்காமல் இருந்ததுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரிவு இரண்டாகப் பிரிந்தது எதனால்?

தேவை இரண்டு இடத்தில் இருந்தது. 1950 ஆகஸ்டில் ஹாங்காங்கிலிருந்து அவசரமாக வந்து சேர்ந்த 27-வது பிரிகேடில் பிரிட்டிஷ் வீரர்கள் இருந்தார்கள். பின்னர் ஆஸ்திரேலியப் பட்டாலியனும் நியூசிலாந்துப் பீரங்கிப் படையும் கனடியப் பட்டாலியனும் சேர்ந்தன. அதற்குச் சொந்தமாகக் கள ஆம்புலன்ஸ் இல்லை. டிசம்பர் நடுவில் ரங்கராஜ் தலைமையில் முன்னணிப் பகுதி அந்தப் பிரிகேடோடு இணைந்தது. மற்றொரு பகுதி மேஜர் பானர்ஜியின் கீழ் தேகு நகரில் தங்கி, தென் கொரியப் படையினருக்கும் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளித்தது. தேகு அப்போது அகதிகளால் நிரம்பி வழிந்த ஊர். செய்திகளில் முன்னணிப் பகுதிதான் பேசப்பட்டது. கொரிய மக்களின் நினைவில் இந்தியர் என்றால் தேகு மருத்துவர்கள்தான்.

1951 மார்ச் 23 அன்று என்ன நடந்தது?

அன்று புனித வெள்ளி. சியோலை ஐ.நா. படை மீட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வடக்கே பின்வாங்கிக்கொண்டிருந்த எதிரிப் படைக்கு முன்னால் போய் இறங்கி வழியை அடைப்பதற்காக, இம்ஜின் ஆற்றின் அருகே முன்சான்-னி என்ற இடத்தில் அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படைப்பிரிவைப் பாராசூட்டில் இறக்கத் திட்டமிட்டார்கள். 'டோமஹாக்' என்பது அந்த நடவடிக்கையின் பெயர். அதன் தளபதி பிரிகேடியர் ஜெனரல் ஃபிராங்க் போவன். அன்று குதித்த ஏறத்தாழ 3,400 பேரில் 12 பேர் ரங்கராஜ் தலைமையிலான இந்திய அறுவைக் குழுவினர். அமெரிக்கரின் அதிகாரபூர்வப் போர் வரலாற்றிலேயே அந்த 12 என்ற எண் இடம்பெற்றிருக்கிறது.

தேகுவிலிருந்து புறப்பட்ட விமானங்களில் பெரும்பாலானவை சி-119 வகை; சரக்குப் பெட்டிக்கு இறக்கை வைத்தது போன்ற தோற்றம் கொண்டவை. ஒரு பட்டாலியனின் தலைமை விமானம் எஞ்சின் கோளாறால் திரும்பிவிட, அந்தப் பட்டாலியன் தவறான இடத்தில் இறங்கியது. ஒரே மைதானத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் குவிந்தார்கள். இப்படியான நேரத்தில், தனித்தனியாகப் போடப்பட்ட மருத்துவப் பொதிகளைத் தேடி எடுத்து, கூடாரம் அடித்து, மேசையை விரிப்பதே ஒரு சோதனை. முதல் நாள் வந்தவர்களில் எதிரியின் குண்டு பட்டவர்களைவிடக் குதிப்பில் அடிபட்டவர்களே அதிகம்.

போர்த்தந்திர நோக்கில் பார்த்தால் டோமஹாக் பெரிய வெற்றி அல்ல. வளைக்க நினைத்த எதிரிப் படையின் பெரும்பகுதி முன்பே நழுவியிருந்தது. அதன்பின் படைப்பிரிவு கிழக்கே உயிஜோங்பு சாலையை நோக்கித் திருப்பப்பட்டு, அடுத்த சில நாட்கள் குன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடிக்கக் கடுமையாகப் போரிட வேண்டியிருந்தது. உண்மையான உயிரிழப்பு அந்தக் குன்றுகளில்தான். 'குதித்தார்கள், வென்றார்கள்' என்று முடிக்கும் குறிப்புகள், குதித்தபின் வந்த அந்த நாட்களில்தான் அறுவைக் குழுவின் வேலை கனத்தது என்பதை விட்டுவிடுகின்றன.

அமெரிக்கப் படைக்குச் சொந்த மருத்துவர்கள் இல்லையா, இந்தியர்கள் ஏன்?

இருந்தார்கள். ஆனால் குதிக்கப் பயிற்சி பெற்ற அறுவைக் குழு என்பது எந்த ராணுவத்திலும் எளிதில் கிடைப்பதில்லை. சிறந்த அறுவை நிபுணரைக்கூட ஒரே வாரத்தில் பாராசூட் வீரராக்க முடியாது. இந்தியப் பிரிவு ஏற்கெனவே இரண்டையும் கொண்டிருந்தது. ஐ.நா. படையில் பல நாடுகள் இருந்தும், அன்று அமெரிக்கர்களோடு சேர்ந்து குதித்த வெளிநாட்டு மருத்துவக் குழு இந்தியக் குழுதான்.

குளிர் மருத்துவப் பணியை எப்படிப் பாதித்தது?

1950-51 குளிர்காலத்தில் கொரிய மலைப்பகுதியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகைக்கும் மேல் இறங்கியது. பிளாஸ்மா புட்டிகள் உறைந்தன. வலி போக்கும் மார்ஃபின் குழாய்களை மருத்துவ உதவியாளர்கள் வாயில் வைத்து இளக்கிய பின்பே ஊசி போட முடிந்தது. காயத்தைப் பார்ப்பதற்காக உடையைக் கத்தரித்தால் காயத்திலிருந்து பிழைக்கவேண்டியவர் குளிரால் இறக்க நேரலாம். தூக்குப்படுக்கையில் அசையாமல் கிடப்பவரின் விரல்கள் பனியால் கருகும். இவற்றோடு, அன்றைக்குப் பெயர் மட்டுமே தெரிந்து காரணம் தெரியாத ஓர் இரத்தக்கசிவுக் காய்ச்சலும் முன்னணியில் பரவியது. வயல் எலிகள் வழியாகப் பரவும் அதன் கிருமி 1970-களில்தான் கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் பகுதியில் ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயரைப் பெற்றது.

கப்யோங் போரிலும் இந்தப் பிரிவு இருந்ததா?

இருந்தது. 1951 ஏப்ரல் 23 முதல் 25 வரை கப்யோங் பள்ளத்தாக்கில் ஆஸ்திரேலிய, கனடியப் பட்டாலியன்கள் தங்களைவிடப் பல மடங்கு பெரிய சீனப் படையைத் தடுத்தபோது, 27-வது பிரிகேடின் கள ஆம்புலன்ஸ் இந்தியர்களுடையதே. அதன்பின் அந்தப் பிரிகேடின் இடத்துக்கு 28-வது பிரிகேடு வந்தது. ஜூலையில் முதலாம் காமன்வெல்த் டிவிஷன் அமைந்தது. தலைமை அமைப்புகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் இந்தியப் பிரிவு தொடர்ந்து நின்றது. அக்டோபரில் மார்யாங்-சான் குன்றைப் பிடிப்பதற்கான 'கமாண்டோ' நடவடிக்கையில், செங்குத்தான சரிவுகளில் தூக்குப்படுக்கையோடு ஏறி இறங்கிய தொடர் வேலை அதன் மிகக் கடினமான வாரம். பெயர் தெரியாத தூக்குப்படுக்கைக்காரர்களின் தோளில் நின்ற வாரம் அது.

மருத்துவப் பிரிவினர் ஆயுதம் வைத்திருந்தார்களா? எதிரிக்கும் சிகிச்சை அளித்தார்களா?

1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி மருத்துவப் பணியாளர்கள் தம்மையும் தம் பொறுப்பில் உள்ள நோயாளிகளையும் காத்துக்கொள்ளச் சிறு ஆயுதம் வைத்திருக்கலாம். அதனால் அவர்களுக்குரிய பாதுகாப்பு பறிபோகாது. அதே உடன்படிக்கை, காயம்பட்டவர் எந்தப் பக்கத்தவர் என்று பாராமல் மருத்துவ அவசரத்தை மட்டுமே பார்த்து வரிசைப்படுத்தச் சொல்கிறது. பிடிபட்ட வட கொரிய, சீன வீரர்களும் கள ஆம்புலன்ஸ்களுக்கு வந்தார்கள். தன் நண்பனின் படுக்கைக்கு முன் எதிரியின் படுக்கை மேசைக்குப் போவதைப் பார்க்கும் வீரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பிரிவின் தலைவர். பதக்கப் பட்டியல்களில் இடம்பெறாத துணிச்சல் இது.

ஐ.நா. போரில் ஆற்றிய பணிக்கு இந்திய வீரப் பதக்கம் எப்படிக் கிடைத்தது?

மகாவீர் சக்கரம் பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த நிலையில் உள்ள வீரப் பதக்கம். 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும்படி அறிவிக்கப்பட்டது. எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்துக்காக அது வழங்கப்படுகிறது. அந்த எதிரியோடு இந்தியா போரில் இருக்க வேண்டும் என்றோ, பெறுபவர் சுட்டிருக்க வேண்டும் என்றோ விதி இல்லை. ரங்கராஜோடு அவருடைய பிரிவைச் சேர்ந்த வேறு சிலரும் வீரப் பதக்கங்கள் பெற்றார்கள். 1955 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அந்தப் பிரிவுக்கே குடியரசுத் தலைவர் கோப்பையை வழங்கினார்.

எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தார்கள்?

சுமார் 2 லட்சம் பேர் என்றும், 2,300-க்கு மேற்பட்ட கள அறுவைகள் என்றும் இந்தியத் தரப்பில் சொல்லப்படுகிறது. முதல் எண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. அதில் புறநோயாளிகளும், தேகுவில் வந்த பொதுமக்களும் அடங்குவார்கள். எல்லாரும் குண்டடிபட்டவர்கள் அல்லர். 1950 நவம்பரில் வந்த பிரிவு, 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தான பின்பும் 1954 வரை கொரியாவில் இருந்தது. நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளைப் பொறுப்பேற்க ஜெனரல் திம்மையா தலைமையிலான நடுநிலை நாடுகளின் ஆணையத்தோடு வந்த இந்தியக் காவல் படைக்கும் அது துணை நின்றது.

இவரையும் டாக்டர் கோட்னிஸையும் சேர்த்துப் பேசுவது சரியா?

இருவரையும் குழப்பிக்கொள்ளாமல் பேசினால் சரி. துவாரகாநாத் கோட்னிஸ் 1938-இல் இந்திய தேசிய காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐவர் குழுவில் சென்ற மருத்துவர். ராணுவ அதிகாரி அல்லர். ஜப்பானுக்கு எதிராகப் போரிட்ட சீனக் கம்யூனிஸ்ட் படையில் பணியாற்றி 1942-இல் அங்கேயே இறந்தார். எட்டே ஆண்டுகள் கழித்து, அந்தப் படையின் வழிவந்த வீரர்கள் எதிர்ப்பக்கத்தில் நிற்க, மற்றோர் இந்திய மருத்துவக் குழு கொரியாவில் பணியாற்றியது. இரண்டையும் ஒரே நாடு அனுப்பியது என்பது இந்திய வெளியுறவு வரலாற்றின் வினோதங்களில் ஒன்று.

அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறதா? ரங்கராஜுக்கு நினைவுச் சிறப்பு ஏதும் உண்டா?

இருக்கிறது. 60-வது பாராசூட் கள மருத்துவமனை என்ற பெயரில் ஆக்ராவைத் தளமாகக் கொண்டு இயங்குகிறது. 2015 நேபாள நிலநடுக்கத்திலும், 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது இஸ்கெண்டெருன் நகரிலும் மருத்துவமனை அமைத்தது அதுவே. துருக்கிக்குச் சென்ற குழுவில் 99 பேர் இருந்தார்கள். மெரூன் நிறத் தொப்பி அணிந்தவர்கள் என்பதால் கொரியாவில் அவர்களை 'மெரூன் தேவதைகள்' என்று அழைத்த வழக்கு இன்றும் அங்கே இருக்கிறது. தென் கொரிய அரசு 2020-இல் ரங்கராஜைக் கொரியப் போரின் வீரநாயகராகத் தேர்ந்தெடுத்துச் சிறப்பித்தது. தாயகத்தில் அவருக்கு அந்த அளவு அறிமுகம் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ராணுவத்துக்குப் பிறகு அவர் என்ன செய்தார்?

உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தில் ஆப்கானிஸ்தானுக்குச் சென்றார். கொரியப் பணியின் தொடர்ச்சி என்றே இதை நான் பார்க்கிறேன்; அங்கும் நோயாளி மருத்துவரைத் தேடி வரமாட்டார். பனிக்காலத்தில் பல பள்ளத்தாக்குகள் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். பர்தா வழக்கத்தால் பெண்கள் அம்மை குத்த வெளியே வருவதில்லை. அமெரிக்க அமைதிப் படையின் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்குள் சென்று குத்திய காலமும் உண்டு.

இவற்றைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. ஊர் ஊராகப் போகும் பரம்பரை அம்மை குத்துபவர்கள், தடுப்பூசி மருந்தை அல்லாமல் உண்மையான பெரியம்மைப் பொருக்கையே எடுத்து வைத்துக்கொண்டு ஆரோக்கியமானவர்களுக்குக் குத்தினார்கள். குத்திக்கொண்டவருக்குப் பெரும்பாலும் நோய் இலேசாக வந்து போகும். ஆனால் அவரிடமிருந்து அடுத்தவருக்கு முழு வீரியத்தோடு தொற்றும். பொருக்கு பல மாதங்கள் வீரியம் குன்றாமல் இருப்பதால், நோய் ஒழிந்த ஊரில்கூட அம்மை குத்துபவரின் வருகை அதை மீண்டும் தொடங்கிவைக்கும். ஆகவே திட்டத்தினர் ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டதோடு, இந்த அம்மை குத்துபவர்களையும் தேடிப் பிடித்து, அவர்களிடமிருந்த பொருக்கை வாங்கிக்கொண்டு தடுப்பூசி மருந்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. மலைப்பாதைகளில் நடந்தும், குதிரையிலும், ஜீப்பிலும் அந்தக் குழுக்கள் அலைந்தன. ஆப்கானிஸ்தானில் பெரியம்மைப் பரவல் 1972-இல் நின்றது.